எட்சன் திருப்பி மடித்த எட்டு ஜப்லா

ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில், கர்நாடகாவுக்குள் நுழைய லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலைக்கு இரண்டு தெரு உள்ளே எட்சனின் வாடகை வீடு இருந்தது. கைக்குழந்தைச் சட்டைகளைத் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் அவனுக்கு வேலை. தைத்து முடித்த சட்டைகளைச் சோதித்து பாஸ், ஆல்டர், ரிஜெக்ட் என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும். பாஸ் என்றால் பெட்டிக்குள் போகும். ஆல்டர் என்றால் குறையைச் சரிசெய்யத் தைத்தவரிடமே திரும்பிப் போகும். ரிஜெக்ட் என்றால் குப்பைக்குத்தான். குறை எங்கே இருக்கிறதோ அங்கே சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவான். அந்த ஸ்டிக்கர் தாள் எப்போதும் அவன் சட்டைப் பையில் இருக்கும். கல்யாணத்தன்று கோட்டுப் பையில்கூட இருந்தது.

கழுத்து எத்தனை அகலம், பிரஸ் பட்டனைக் குழந்தை பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடுமா, உடைந்த ஊசிமுனை ஏதாவது துணிக்குள் ஒளிந்திருக்கிறதா, எல்லாம் அவனுக்கு அத்துபடி. எட்டு வருஷத்தில் எத்தனை லட்சம் சட்டை அவன் கையைத் தாண்டிப் போயிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா. ஆனால் அந்தச் சட்டைக்குள் ஒரு குழந்தை இருந்து மட்டும் அவன் பார்த்ததில்லை.

அவன் மனைவி ப்ரீதாவும் அதே கம்பெனியில், துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தவள்தான். கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள் அவள் தைத்த பதினான்கு சட்டைக்கு எட்சன் அம்பு ஒட்டிவிட்டான். மத்தியானம் கேண்டீனில் சாப்பாட்டுத் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டாள். பதினான்கு காரணத்தையும் சொல்லி முடிக்க நான்கு மத்தியானம் ஆயிற்று. ஐந்தாம் நாள் காரணம் எதுவும் கேட்காமலே எதிரே உட்கார்ந்தாள். கல்யாணமாகியும் அவனை வம்புக்கு இழுக்க வேண்டுமென்றால் அவளுக்கு அவன் ‘சார்’தான்.

ஜனவரிக் குளிரில் அவர்களுக்குப் பெண் பிறந்தது. ஆபரேஷன். குழந்தை இரண்டே முக்கால் கிலோ, தலை நிறைய முடி, ஊரைக் கூட்டும் குரல்.

ப்ரீதாவுக்கு அம்மா இல்லை. தாய்வீடு என்றால் காவேரிப்பட்டினத்தில் இருக்கும் அக்கா ஃபெபாவின் வீடுதான். ஃபெபா மூன்று பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவள். தலைப்பிள்ளை ஆயிற்றே, மூன்று மாதம் தாய்வீட்டில் இருந்துவிட்டு வருவதுதான் முறை. எட்சனுக்கு அதை நினைத்தாலே சோறு இறங்கவில்லை. கம்பெனியில் ஞாயிறு ஒன்றுதான் லீவு. மூன்று மாதத்தில் பன்னிரண்டு ஞாயிறு. மொத்தம் பன்னிரண்டு நாள் பார்த்த ஆளை அப்பன் என்று மகள் எப்படி அடையாளம் வைத்துக்கொள்வாள்? ஆஸ்பத்திரி வராந்தாவில் ஃபெபாவிடம் இதைச் சொன்னபோது அவன் குரல் கொஞ்சம் இடறியது. ப்ரீதாவுக்கும் ஓசூரிலேயே இருக்கத்தான் ஆசை. அக்காவின் முகத்துக்கு நேரே சொல்ல வாய் வரவில்லை.

ஃபெபா கல்நெஞ்சக்காரி இல்லை. ஆனால் கண்டிப்பானவள்.

“இங்கியே வச்சுக்கோ தம்பி, நான் வேணாங்கல. பச்சப் புள்ளைக்குத் துணி மாத்த வருமா உனக்கு? நாளைக்குப் பதினஞ்சு வாட்டி மாத்தணும். இவளால இப்பக் குனிய முடியாது.”

“எட்டு வருசமா அதே வேலதான் அக்கா நான்.”

“அட்டப்பெட்டி அழுவாது தம்பி.”

பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். அன்று வெள்ளிக்கிழமை, டிஸ்சார்ஜ் ஆகும் நாள். அவள் ஜூஜுவாடிக்கு வந்து கூடவே தங்குவாள். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஐந்து மணிக்கு அவள் கணவர் சந்தோஷ் கார் எடுத்துக்கொண்டு வருவார். அதற்குள் தெரிந்துவிடும்.

“பாப்பா உடம்புல யாரு கையால ஒரு செவப்பு விழுதோ, அவங்க தோத்தாங்க. என் கையால விழுந்தா நான் மட்டும் காருல ஏறிப் போயிர்றேன். உன் கையால விழுந்தா தாயும் புள்ளையும் என்கூட.”

எட்சன் சனிக்கிழமைக்கும் லீவு சொல்லிவிட்டு, சரி என்று தலையாட்டினான். இரண்டே முக்கால் கிலோவைப் பணயம் வைத்துவிட்டோமே என்று அப்புறம்தான் உறைத்தது.

கிளம்பும்போது நர்ஸ் சரிதா எல்லாருக்கும் பொதுவாக ஒரு விஷயம் சொல்லி அனுப்பினாள். குளிர் காலம், நீங்கள் உடுத்தியிருப்பதைவிட ஒரு துணி கூடுதலாகக் குழந்தைக்குப் போடுங்கள். பின்கழுத்தைத் தொட்டுப் பாருங்கள், வேர்த்திருந்தால் ஒன்றைக் கழற்றிவிடுங்கள். இருவரும் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் எட்சன் தன் பெருமையை எடுத்து வைத்தான். கம்பெனியில் ஊழியர்களுக்கு விற்கும் மிச்ச உருப்படி, முழங்கால் வரை மூடும் ஒற்றைச் சட்டை, நெஞ்சில் ஒரு வாத்து. ஃபெபா அதை முகர்ந்து பார்த்து, கடைக்குள் நுழைந்த மாதிரி வாசனை வருகிறதே, கழுவாத புதுத்துணியைப் பச்சை உடம்பில் யாராவது போடுவார்களா என்று கேட்டாள். துணி விறைப்பாக நிற்க என்னென்ன மருந்து போடுகிறார்கள் என்று அவனுக்குத் தெரியாதா என்ன. வாத்து துவைக்கப் போயிற்று.

அதோடு ப்ரீதா தைத்து வைத்திருந்த எட்டு ஜப்லாவையும் ஃபெபா துவைத்தாள். அவர்கள் அம்மாவின் பழைய நூல் சேலையில் வெட்டியவை. முன்பக்கம் திறந்து, பக்கவாட்டில் சின்ன நாடா வைத்துக் கட்டுகிற சட்டைகள். பலமுறை துவைத்து வெண்ணெய் மாதிரி ஆகிப்போன துணி. எட்சன் கண்ணில் பட்டால் அம்பு ஒட்டுவான் என்று ப்ரீதா அவற்றை இத்தனை நாளும் பீரோவுக்குள் மறைத்து வைத்திருந்தாள்.

இப்போது நடந்ததைக் கவனமாகக் கேட்டு மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அன்று சாயந்திரம் மொட்டைமாடியில் காய்ந்த ஜப்லாக்களை எடுத்துவரப் போனவன் எட்சன். எட்டிலும் தையல் வெளிப்பக்கம் இருந்தது. ஓவர்லாக் போட்ட ஓரமெல்லாம் கண்ணெதிரே தெரிந்தது. அக்கா துவைக்கும்போது உள்வெளியாகத் திருப்பிவிட்டு அப்படியே காயப்போட்டுவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தான். அதைச் சொன்னால் அவளுக்கு வருத்தமாக இருக்கும். பெரிய மனதோடு, ஒரு வார்த்தை பேசாமல், எட்டையும் திருப்பித் தையலை உள்ளே தள்ளி, கம்பெனியில் பெட்டிக்கு மடிக்கிற மாதிரி ஓரத்தோடு ஓரம் வைத்து மடித்துக் கொண்டுவந்தான். ஃபெபாவே பார்த்து, மடிப்பு நன்றாக இருக்கிறது தம்பி என்றாள். அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

முதல் ஜப்லாவைப் போட இருபது நிமிஷம் ஆயிற்று. சட்டைக் கைக்குள் குழந்தையின் கையை அவன் தோள் பக்கமிருந்து தள்ளினான். உள்ளே போன கை பாதியில் விரல்களை விரித்துக்கொண்டு நின்றுவிட்டது. ஒரு விரலை மடக்கினால் இன்னொன்று நிமிர்ந்தது. குழந்தை வீறிட்டது. எட்சன் மகளைப் பார்த்து மெதுவாக, கொஞ்சம் ஒத்துழைப்புத் தரும்படி கேட்டுக்கொண்டான். கட்டிலில் கிடந்த ப்ரீதா வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“சார், ஊசியில நூலு கோக்குற மாதிரி தள்ளாதீங்க. உன் கைய மொதல்ல வெளிய இருந்து உள்ள விடு. அவ கையப் புடிச்சி, நீ போயிக் கூட்டிக்கிட்டு வா.”

அவன் மூன்று விரலைக் கைநுனி வழியாக உள்ளே விட்டு, அந்தக் குட்டிக் கையைப் பிடித்து வெளியே அழைத்துவந்தான். அது அவன் சுண்டுவிரலை விடவே இல்லை. எட்சன் அசையாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். இரண்டாவது கை பாக்கி இருப்பதை ஃபெபாதான் ஞாபகப்படுத்தினாள்.

ஊக்கு விஷயத்தில் பெரிய சண்டை வந்திருக்க வேண்டியது. ஃபெபா ஒரு குட்டிச் சிலுவையை ஊக்கில் கோத்துக் குழந்தையின் நெஞ்சில் குத்த வந்தாள். எட்சன் அவள் கையையே பிடித்துவிட்டான். ஒரு ஊசிமுனை காணாமல் போனால் மொத்த வரிசையையும் நிறுத்தித் தரையில் காந்தத்தை உருட்டித் தேடுகிறவன் அவன். ஃபெபாவின் முகம் சுருங்கியது. அவன் தழைந்த குரலில், சாமியை வேண்டாம் என்று சொல்லவில்லை அக்கா, ஊக்கைத்தான் வேண்டாம் என்கிறேன் என்றான். சிலுவை கதவு நிலைக்கு மேலே ஏறியது. தாடைக்குக் கீழே கட்டுகிற குல்லா நாடாவையும், கழுத்தருகில் கயிறு ஆகாது என்று அவிழ்த்தான். ஃபெபா குல்லாவை வாங்கி மடித்து வைத்தாள். அந்த இரண்டிலும் அவன் பக்கம் நியாயம் இருந்தது அவளுக்கே தெரிந்தது.

ஆனால் சனிக்கிழமை காலை குளிர் வந்து சேர்ந்தது. ஃபெபா ஓசூர்க் குளிரைத் தாங்குகிறவள் இல்லை. காவேரிப்பட்டினத்தில் ஜனவரியிலும் மத்தியானம் மின்விசிறி ஓடும். அவள் சேலை, ரவிக்கைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை, தலையில் சந்தோஷின் மஃப்ளர். எட்சன் ஓசூரிலேயே பிறந்தவன். பனியனோடு டீ குடித்துக்கொண்டிருந்தான்.

நர்ஸ் சொன்ன கணக்கை இருவரும் ஒழுங்காகவே போட்டார்கள். நாம் உடுத்தியிருப்பதைவிட ஒன்று கூடுதல். எட்சன் கணக்கில் குழந்தைக்கு இரண்டு துணி. ஃபெபா கணக்கில் ஐந்து. அவன் ஒரு ஜப்லா போட்டு மேலே ஒரு துணி போர்த்திவிட்டுக் குளிக்கப் போவான். திரும்பி வந்து பார்த்தால் குல்லா, இரண்டு ஸ்வெட்டர், கையுறை, காலுறை என்று குழந்தை உருண்டு திரண்டு, இரண்டு கண் மட்டும் வெளியே தெரியக் கிடக்கும். அவன் கழற்றுவான். அவள் போடுவாள். குழந்தை மட்டும் இருவரிடமும் ஒரே மாதிரி அழுதது.

பத்து மணிக்கு மேல் அழுகை நிற்கவே இல்லை. மாடியிலிருந்து வீட்டுக்காரர் திம்மப்பன் இறங்கிவந்து கன்னடத்தில், “மகு யாக்கெ அளுத்தா இதெ?” என்று கேட்டார். குழந்தை ஏன் அழுகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் தமிழுக்கு மாறி, வீட்டில் குறை எதுவும் இல்லை, போன வருஷம்தான் வெள்ளை அடித்தேன் என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார்.

ப்ரீதா பால் கொடுத்துப் பார்த்தாள். குடித்தது, அழுதது. ஈரத்துணி மாற்றினார்கள். அழுதது. கடைசியில் ப்ரீதாதான் பின்கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். வேர்த்து நசநசவென்று இருந்தது. நர்ஸ் சொன்னதில் முன்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு, பின்பாதியை இரண்டு பேருமே விட்டுவிட்டீர்களே என்றாள். இனிமேல் யாருடைய கணக்கும் வேண்டாம், தான் என்ன உடுத்தியிருக்கிறாளோ அதைப் பார்த்துப் போட்டால் போதும் என்று தீர்ப்பானது. வீட்டுக்குள் குல்லாவும் வேண்டாம். ஒரு ஜப்லா, ஒரு ஸ்வெட்டர். கொஞ்சம் பரவாயில்லை, அழுகை பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி அப்படியே இருந்தது.

அந்த மீதிப் பாதிதான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை அவர்களை ஆட்டிவைத்தது. கையைத் தூக்கினால் அழுகை. தோளில் சாய்த்தால் அழுகை. ஃபெபா ஆராதனைக்குப் போகாமல் வீட்டிலேயே முழங்கால் போட்டாள். எட்சன் கம்பெனி வழக்கப்படி ஒரு தாளில் காரணங்களை வரிசையாக எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தான். பசி இல்லை. ஈரம் இல்லை. வேர்வை இல்லை. கொசு இல்லை. ‘ஃபெபா அக்கா’ என்று ஒரு வரி எழுதி, அதை மட்டும் அடிக்காமல் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

மூன்று மணிக்கு ப்ரீதா, குழந்தையை ஒட்டுத்துணி இல்லாமல் தன் மடியில் கொண்டுவந்து போடச் சொன்னாள். ஜன்னலை மூடிவிட்டு ஃபெபா ஸ்வெட்டரைக் கழற்றினாள். ஜப்லாவின் நாடாவை அவிழ்த்தாள். கையை மெல்ல உருவியதும் மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். இரண்டு அக்குளிலும், தோள் மேலும், சிவப்பாக ஒரு கோடு. வெறும் கோடுகூட இல்லை. சின்னச் சின்னதாகப் பல் பதித்த மாதிரி வரிசை.

ப்ரீதா அதை விரலால் தடவினாள். “இது என் ஓவர்லாக்கு” என்றாள்.

கழற்றிய ஜப்லாவை எடுத்துப் பார்த்தாள். பிறகு மடித்து வைத்திருந்த மற்றவற்றையும் பார்த்தாள். எட்டிலும் தையல் உள்ளே இருந்தது. ஓர் உறுத்தலும் குழந்தை மேல் படக்கூடாது என்றுதான் தையலை வெளியே விட்டுத் தைத்தேன், அதுதான் இதன் நல்ல பக்கம், யார் இதைத் திருப்பினார்கள் என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. குழந்தையின் அக்குளில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள். துணி இல்லாத குழந்தை இரண்டு நாளில் முதல்முறையாக, ஒரு சத்தமும் இல்லாமல், கூரையைப் பார்த்தது.

ஃபெபா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் துணி துவைக்கும்போது எப்போதும் உட்பக்கத்தைத் திருப்பித்தான் துவைப்பாள். அன்றும் திருப்பினாள். மறுபடி சரியாகத் திருப்பினாளா என்பது அவளுக்கு ஞாபகம் இல்லை.

“நான்தான்டி” என்றாள். “மூணு பெத்தவன்னு பேச்சு வேற. என் கையாலதான் செவப்பு விழுந்திருக்குது. வார்த்த வார்த்ததான். நீ இங்கியே இரு. அவரு வந்ததும் நான் கெளம்பறேன்.”

எட்சன் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தான். ஜெயித்தாகிவிட்டது. அவன் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை, பேசாமல் நின்றால் போதும். பன்னிரண்டு ஞாயிறு இல்லை. தொண்ணூறு நாளும் அவனுக்குத்தான். கதவுக்கு மேலே சிலுவை தொங்கியது. அதைப் பார்க்காமல் இருக்கக் குழந்தையைப் பார்த்தான். குழந்தையைப் பார்த்தால் அந்தக் கோடு தெரிந்தது. எட்டு வருஷமாகக் குறை எங்கே இருக்கிறதோ அங்கே அம்பை ஒட்டியே பழகிய கை. தப்பான இடத்தில் ஒட்டிய அம்பைப் பார்த்துக்கொண்டு அதனால் சும்மா இருக்க முடியவில்லை.

“அக்கா, நீங்க இல்ல. மாடியில இருந்து எடுத்தப்ப தையல் வெளிய தெரிஞ்சிது. உள்வெளியா கெடக்குதுன்னு நெனச்சேன். எட்டையும் நான்தான் திருப்பி மடிச்சேன்.”

ஃபெபா அவனை மேலும் கீழும் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து வாசலில் சந்தோஷின் கார் வந்து நின்றது. சொன்னதைவிட ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார். நல்ல மனுஷர். உள்ளே வந்து யார் முகத்தையும் பார்க்காமல் குழந்தைக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, என்ன டிபன் என்று கேட்டார்.

எட்சன் மூட்டை கட்ட ஆரம்பித்தான். பந்தயத்தில் தோற்றது அவன்தானே. எட்டு ஜப்லாவையும் ஒவ்வொன்றாகத் திருப்பித் தையலை வெளியே எடுத்தான். மடிக்கும்போது ஃபெபாவிடம் தரையைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டு வந்தான். வாத்துச் சட்டையை இன்னொரு தடவை துவைத்துப் போடுங்கள். வழியில் சூலகிரி தாண்டினால் வெயில் ஏறும், ஸ்வெட்டரைக் கழற்றிவிடுங்கள். காருக்குள் பின்கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போங்கள். ஊக்கு மட்டும் வேண்டாம் அக்கா. குரல் மறுபடியும் இடறியது. ஊக்கு என்ற சொல்லிலா குரல் இடறும் என்று சந்தோஷுக்கு ஒன்றும் புரியவில்லை.

பிரயாணத்துக்குக் குழந்தைக்கு உடுத்த வேண்டும். ஃபெபா எழுந்திருக்கவில்லை. நீயே போடு என்பதுபோல் கையைக் காட்டினாள்.

அவன் ஜப்லாவைப் படுக்கையில் விரித்துப் போட்டான். ஒரு கையால் தலையையும் கழுத்தையும் தாங்கிக் குழந்தையை அதன்மேல் கிடத்தினான். கைநுனி வழியாக மூன்று விரலை உள்ளே விட்டான். போய்க் கூட்டிக்கொண்டு வந்தான். அடுத்த கையையும் அப்படியே. நாடாவைக் கட்டப்போகும் நேரத்தில் அவன் மகள் அவன் சட்டை நனைய மூத்திரம் போனாள். சட்டையைத் துடைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் அவிழ்த்து, ஈரம் துடைத்து, இரண்டாவது ஜப்லாவை எடுத்து முதலிலிருந்து ஆரம்பித்தான். நாடாவுக்கும் உடம்புக்கும் நடுவில் இரண்டு விரல் போகிறதா என்று பார்த்தான். பின்கழுத்தைத் தொட்டான். மொத்தம் நான்கு நிமிஷம். குழந்தை ஒரு கொட்டாவி விட்டுத் தூங்கிப்போனது.

ப்ரீதா அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

“அக்கா, எங்க கம்பெனியில ஒரு சட்டம் இருக்குது. சரிபண்ண முடியாத உருப்படிதான் ரிஜெக்ட்டு. இவரு ஆல்டருதான். தச்சவங்க கையிலயே திருப்பிக் குடுக்கணும். என் கையிலயே விட்ரு.”

ஃபெபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், மஃப்ளரை வாயில் வைத்துப் பார்த்தாள், அடங்கவில்லை. பிறகு மூக்கைச் சிந்திவிட்டு எட்சனிடம் சொன்னாள்.

“பேசாம நின்னிருந்தா நீ ஜெயிச்சிருப்ப தம்பி. நான் தோத்தேன்னு அழுதுக்கினே ஊருக்குப் போயிருப்பேன். அங்க உக்காந்து தெனமும் உன்ன நம்பாம போன் பண்ணியிருப்பேன். இப்ப வாரத்துக்கு ஒருக்காதான் பண்ணுவேன்.” கொஞ்சம் யோசித்து, “வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம ஆடிட்டுக்கு வருவேன்” என்றாள்.

கட்டிய மூட்டையைப் பிரித்தார்கள். சந்தோஷ் இரண்டு தோசையும் ஒரு டம்ளர் காபியும் சாப்பிட்டுவிட்டு, எதற்காகத் தாயும் பிள்ளையும் வரவில்லை என்று கடைசி வரை கேட்காமலே கார் எடுத்தார். எல்லைக்கு அந்தப்புறம் அத்திப்பள்ளிப் பக்கமிருந்து வந்த லாரி நெரிசலில் கார் மெதுவாக நகர்ந்தபோது, ஃபெபா கண்ணாடியை இறக்கி, மஃப்ளரை எட்சனிடம் நீட்டினாள். காவேரிப்பட்டினத்தில் இது எதற்கு, நீ போட்டுக்கொள். ஆனால் நீ போட்டிருக்கிறாய் என்பதற்காகக் குழந்தைக்கு ஒன்று கூட்டிவிடாதே என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை காலை திம்மப்பனின் மனைவியைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டு எட்சன் வேலைக்குக் கிளம்பினான். ப்ரீதா படுத்தபடியே அவனைப் பக்கத்தில் கூப்பிட்டு, சட்டைக் காலரைச் சரிசெய்வதுபோல் முதுகைத் தட்டி அனுப்பினாள். கம்பெனியில் எல்லாரும் அவனைப் பார்த்ததும் வாழ்த்துச் சொன்னார்கள். தாண்டிப் போனதும் சிரித்தார்கள். டீ இடைவேளையில்தான் ஓவர்லாக் வரிசையில் இருந்த ஜோதிமணி பொறுக்கமாட்டாமல் சொன்னாள், சார் முதுகில் எட்டு ஒட்டியிருக்கிறது என்று.

கையைப் பின்னால் விட்டுத் தடவிப் பார்த்தான். எட்டு சிவப்பு அம்பு, தோள் தையல் நெடுக, ஒரே சீராக, கோணாமல் ஒட்டியிருந்தது. எட்டும் சரியான இடத்தில்தான் இருந்தன. அவனுக்கு ஒரு குறையும் சொல்லத் தோன்றவில்லை. சாயந்திரம் அவற்றோடுதான் வீட்டுக்குப் போனான்.